மருந்து அதிகாரமும் மூச்சின் அளவும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய 'மருந்து' நம் பள்ளிகளில் உணவு அதிகாரமாகவே நடத்தப்பெறுகிறது. பசித்த பின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், உடலுக்கு ஒவ்வாததை விலக்கி உண்ணுதல் என்னும் மூன்று தொடர்களை எழுதிவிட்டால் அதிகாரக் கருத்து முற்றிற்று என மாணவர் எண்ணுகின்றனர்; ஆசிரியரும் முழு மதிப்பெண் வழங்கி அடுத்த பாடத்திற்குச் செல்கின்றனர். இவ்வாறு நடத்துதல் மூலத்தின் ஒரு பாதியை மறைப்பதாகும். உரையாசிரியர் எடுத்துக் காட்டிய ஒரு சொல்லைக் கைவிடுவதாகும். இற்றை மருத்துவம் உடல்நலத்தை அளக்கக் கொண்டுள்ள கோல்களுள் தலையாய ஒன்றை நம் பிள்ளைகள் அறியாமலே போவதற்கும் அது காரணமாகிறது. இம்மூன்றனையும் ஈண்டு ஆராய விழைகின்றேன்.

அதிகாரத்தின் அமைப்பை முதற்கண் நோக்குவோம். பத்துக் குறட்பாக்களுள் முதலாவது நோயின் பொதுக் காரணம் கூறுவது. இரண்டு முதல் ஏழு வரை ஆறு குறட்பாக்கள் உணவைப் பற்றியன. எஞ்சிய மூன்றும் மருத்துவன் நோயை நாடும் முறையும், அவன் அறிந்திருக்க வேண்டுவனவும், மருத்துவத்தின் உறுப்புகளும் பற்றியன. பத்தில் ஆறு உணவுக்கே உரியன ஆகலின், உணவு அதிகாரம் என்று சொல்வதில் பிழை என்னை என்று கேட்கலாம். பிழை எண்ணிக்கையில் இல்லை. முதற்குறளை நாம் படிக்கும் முறையில் இருக்கிறது. ஏனைய ஒன்பதுக்கும் அடிப்படையாக நிற்பது அம்முதற்குறளே.

அக்குறளில் மிகினும் நோய், குறையினும் நோய் என்பது தெளிவு. மிகுவதும் குறைவதும் எது என்பதில்தான் உரைகள் வேறுபடுகின்றன. டாக்டர் மு. வரதராசனார் தம் தெளிவுரையில் வாதம், பித்தம், சிலேத்துமம் ஆகிய மூன்றுமே மிகுதலும் குறைதலும் உடையன என்று பொருள் கொண்டார். நம் மாணவர் கையிலுள்ள உரைகளுட் பெரும்பாலன இதனைத் தழுவியவையே. பரிமேலழகர் அவ்வாறு கொள்ளவில்லை. ஒருவனுடைய உணவும் செயல்களும் அவன் உடலியல்புக்கு ஒத்த அளவில் நில்லாது மிகுமாயினும் குறையுமாயினும் அம்மூன்றும் நோய் செய்யும் என்பது அவர் உரை. மூலத்தில் வெளிப்படையாக இல்லாத எழுவாயை அவர் வருவித்துக் கொள்கிறார். அவ்வாறு வருவிக்கும்போது உணவு என்ற ஒன்றோடு நில்லாமல் செயலையும் உடன் வைக்கிறார். 'செயல்' என்னும் அவ்வொரு சொல்லை நாம் வகுப்பறையில் இழந்துவிட்டோம் என்பதே என் குறை.

இலக்கண நோக்கில் இரண்டு உரைகளுள் எது சிறந்தது என்னும் வழக்கைப் புலவர்க்கு விட்டுவிடலாம். மு. வ. அவர்களின் உரை நேரிது; சொற்களை வருவிக்க வேண்டுவதில்லை. ஆயினும் வகுப்பில் அது தரும் பயன் சிறிது. பித்தம் மிகுந்தால் நோய் என்று கேட்ட பத்து வயதுப் பிள்ளை அதனைக் கொண்டு என் செய்யும்? உணவும் செயலும் மிகுதல் குறைதல் கூடா என்றாலோ, தன் கையில் உள்ள ஒன்றைப் பற்றிக் கேட்கிறது.

செயல் குறைந்தால் நோய் வரும் என்பதற்கு வள்ளுவர் நூலிலேயே வேறு இடம் உண்டா என்று தேடினால் ஒரு வியப்பு நேர்கிறது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் சோம்பலைக் கடிகின்றன. அவற்றில் சோம்பலால் குடி கெடும், செல்வம் அழியும், பகைவர்க்கு அடிமையாக நேரும் என்பனவெல்லாம் உள. சோம்பல் உடலை நோய்க்கு இரையாக்கும் என்பது அழுத்தமாக யாண்டும் பேசப்படவில்லை. அவர் காலத்தில் உழைப்பின்மை ஒழுக்கக் குறையாகவும் பொருட் குறையாகவும் தோன்றிற்று. உடற்குறையாகத் தோன்றுவதற்கு வாய்ப்புக் குறைவு. உழுதும் நடந்தும் சுமந்தும் வாழ்ந்த பெருமக்களிடம் 'இயங்குமின்' என்று எவர் சொல்வார்? உண்பதில்தான் அவர்கட்கு அளவு தவறக்கூடும். மருந்து அதிகாரத்தில் ஆறு குறட்பாக்கள் உணவுக்கு அமைந்ததன் காரணம் இதுவாகலாம் என்று கருதுகிறேன். எழுதாமல் விட்டது தேவையற்றது என்பதன்று. அன்று சொல்லாமலே விளங்கியது என்பதே. இன்று அவ்வாறு விளங்குவதில்லை.

இனி, செயலுக்கு அளவு யாது? பரிமேலழகர் அதற்கும் விடை கூறியிருக்கிறார். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் செய்யும் தொழில்களை அவை வருந்துவதற்கு முன்னரே நிறுத்துதல் செயலின் ஒத்த அளவு என்பது அவர் விளக்கம். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதைத் தீர்மானிக்க இற்றை உடலியல் கூறுவதைச் சிறிது அறிதல் வேண்டும்.

உடல் உழைக்குங்கால் தசைகளுக்கு உயிர்வளி வேண்டும். அதனைக் காற்றிலிருந்து நுரையீரல் வாங்குகிறது, குருதியின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் ஏந்துகிறது, இதயம் தள்ளுகிறது, நாளங்கள் கொண்டு சேர்க்கின்றன, தசை நுகர்கிறது. இத்தொடரில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுத் தொடரும் தளரும். உழைப்பை மேன்மேலும் கூட்டிக்கொண்டே சென்றால், இதற்கு மேல் உயிர்வளியை நுகர உடலால் ஆகாது என்னும் ஓர் எல்லை வருகிறது. ஆங்கில உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில் 1920-களில் இவ்வெல்லையை ஆராய்ந்து நிறுவினார். அதன் உயரமே ஒருவருடைய இதய நுரையீரல் திறன். தமிழில் வேறு பல நீண்ட தொடர்கள் இதற்கு வழங்குகின்றன. மாணவர் வாயில் எளிதில் வருவதற்காக யான் 'மூச்சாற்றல்' என்றே வழங்குவேன்.

இதனை அளக்கும் அலகு ஒன்று உண்டு. அமைந்து அமர்ந்திருக்கும் உடல் ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் உயிர்வளியை நுகர்கிறது. இதனை ஒரு 'மெட்' என்பர். இயல்பான நடைக்கு மூன்று மெட் அளவு வேண்டும்; மாடிப்படியை விரைந்து ஏற எட்டு அல்லது ஒன்பது வேண்டும். ஒருவருடைய உச்ச எல்லையே ஆறு மெட் என்றால், அவர் படியேறும்போது இடையில் நின்றே ஆக வேண்டும். நம் மலைப் பள்ளிகளின் படிக்கட்டுகளில் நடுவே நின்று, பள்ளத்தாக்கின் எழிலைச் சுவைப்பார்போல் மூச்சு வாங்கும் ஆசிரியர் சிலரை யான் அறிவேன். அவர்கள் சுவைப்பது எழிலன்று.

இவ்வெல்லைக்கும் வாழ்நாளுக்கும் உள்ள தொடர்பு மெல்ல மெல்ல வெளிப்பட்டது. இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநரைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்க்கு மாரடைப்பு நோய் குறைவு என்பதை ஜெரி மாரிஸ் 1953-இல் வெளியிட்டார். அவரே 1956-இல் அவர்களுடைய சீருடை அளவுகளை ஆராய்ந்து, ஓட்டுநரின் இடுப்பளவு மிகுதி என்றும் கண்டார். ஓட்டுநர் வேலைக்குப் போனோர் முன்னமே பருத்தவரோ என்னும் ஐயம் இதனால் எழுந்தது. தம் முடிவுக்கே தடை எழுப்பிப் பார்த்த அவ்வாராய்ச்சியாளரின் நேர்மை நம் உரையாசிரியர்களின் தடைவிடை முறையை நினைவூட்டுவது.

தொழிலை வைத்து ஊகிப்பதை விடுத்து, மூச்சாற்றலையே நேரில் அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து அறிஞர்கள். ஸ்டீவன் பிளேர் முதலியோர் 10,224 ஆடவரையும் 3,120 மகளிரையும் நடைப்பொறியில் ஏற்றிச் சோதித்து, எட்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து நோக்கி, 1989-இல் முடிவை வெளியிட்டனர். ஆடவருள் ஆற்றலில் கடைசி ஐந்தில் ஒரு பகுதியினரிடம் ஆண்டுக்குப் பதினாயிரவருக்கு 64 இறப்பு. முதல் ஐந்தில் ஒரு பகுதியினரிடம் ஏறத்தாழ 19. மகளிரிடம் இவ்வெண்கள் முறையே 39.5, 8.5. பிற்பாடு 33 ஆய்வுகளையும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களையும் தொகுத்து நோக்கிய 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒரு மெட் கூடுந்தோறும் இறப்பு வாய்ப்பு 13 விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது. நாடித்துடிப்பு, குருதியழுத்தம் முதலியவற்றைப் போல மூச்சாற்றலையும் மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016-இல் அறிவித்ததற்கு இத்தகைய சான்றுகளே காரணம்.

உடற்பருமனைப் பற்றியும் ஒரு செய்தி இதில் உண்டு. 2014-இல் பத்து ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, மூச்சாற்றல் குன்றியவர் ஒல்லியராயினும் பருத்தவராயினும், இயல்பான எடையும் நல்ல மூச்சாற்றலும் உடையாரைவிட ஏறத்தாழ இரு மடங்கு இறப்பு வாய்ப்பு உடையவராயினர். 'ஒல்லியாக இருக்கிறான், அவனுக்கு என்ன நோய்?' என்னும் நம் வீட்டுப் பேச்சு இதனால் அடிபடுகிறது.

சான்றுகள் இத்துணை இருந்தும், அவற்றை அப்படியே விழுங்கிவிடுதல் திறனாய்வாளர்க்கு அழகன்று. இவையெல்லாம் மக்களைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வுகள். மூச்சாற்றல் உடையோர் நீண்ட நாள் வாழ்ந்தனர் என்று காட்டுகின்றனவே அன்றி, அவ்வாற்றலே வாழ்வித்தது என்று முற்ற நிறுவவில்லை. சுவீடன் நாட்டில் 1972 முதல் 1995 வரை படைச் சேர்க்கைக்காகச் சோதிக்கப்பட்ட ஏறத்தாழ 11 இலட்சம் இளைஞரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்தோர் 2025-இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். உயர்ந்த ஆற்றல் உடையோர் இதய நோயால் இறத்தல் குறைந்திருந்தது போலவே, விபத்துகளால் இறத்தலும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருந்தது! ஓட வல்லவன் மீது மரம் விழாதா? குடும்ப நிலை, கல்வி, வருவாய், பழக்கவழக்கம் ஆகியன மூச்சாற்றலோடு பின்னிக் கிடக்கின்றன என்பதையே இது காட்டுகிறது. பிறவியின் பங்கும் சிறிதன்று. ஒரே பயிற்சியை மேற்கொண்ட குடும்பங்களை ஆராய்ந்த போது, ஒருவர்க்கு ஆற்றல் மிகக் கூடிற்று, மற்றொருவர்க்குச் சிறிதே கூடிற்று. அவ்வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி குடும்ப வழியது எனக் கண்டனர். ஆகவே, மூச்சாற்றலை நோய் அறிவிக்கும் குறியாகக் கொள்ளலாம். குறைந்தவனைச் சோம்பேறி என்று இகழும் கோலாகக் கொள்ளலாகாது.

இவ்வளவும் அயல்நாட்டுச் செய்தி. நம்மவரைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. தேயிலை மலைகளில் வாழும் தமிழர் பலர் அதனைக் கேட்டதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்களே. அத்தோட்டப் பெண்கள் 75 பேரை நடைப்பொறியில் ஏற்றிச் சோதித்து, கார்ட்னர், எட்ஜர்ட்டன் முதலிய அமெரிக்க அறிஞரும் சேனவிரத்ன என்னும் இலங்கை மருத்துவரும் 1977-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அப்பெண்களின் வயது 22 முதல் 65 வரை. அவர்களுள் சிலரிடம் ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தது; சிலரிடம் ஆறு கிராம் அளவிற்குத் தாழ்ந்திருந்தது. இரும்புச் சத்துக் குறைந்து குருதி மெலிந்தவர்களால் நடைப்பொறியின் உயர்ந்த ஏற்றத்தை எட்ட முடியவில்லை. இதயம் குறையை ஈடுசெய்ய விரைந்து துடித்தது, துடித்தும் போதவில்லை. நுரையீரலும் கால்களும் பழகியிருந்தும், ஏந்தும் பொருள் இன்மையால் மூச்சாற்றல் குன்றிற்று. நாள்தோறும் கூடை சுமந்து சரிவேறிய பெண்களின் நிலை இது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இது மருந்து அதிகாரத்திற்கு ஒரு புத்துரை போன்றது. உணவு குறைந்தது, அதனால் செயலாற்றல் குறைந்தது. பரிமேலழகர் உணவையும் செயலையும் ஓர் உம்மையால் இணைத்தார். அவ்விணைப்பு வெறும் எண்ணும்மை அன்று என்பதை இலங்கை மலைச்சரிவுகள் மெய்ப்பித்தன. உழைப்பவளுக்குக் கீரையும் மீனும் இல்லாதபோது 'உடற்பயிற்சி செய்' என்பது கொடுமை. அமர்ந்திருப்பவனுக்குக் 'கீரை உண்' என்பது மட்டும் போதாது.

அதே குழுவினர் 1979-இல் மற்றொரு கட்டுரை எழுதினர். இரும்புச் சத்து மாத்திரை பெற்ற பெண்கள் ஒரு திங்களில் முன்னினும் மிகுதியாகக் கொழுந்து பறித்தனர் என்பதும், குருதி மிக மெலிந்திருந்தோரிடமே முன்னேற்றம் மிகுதி என்பதும் அதன் முடிவு. நல்ல ஆய்வு, நன்மை விளைந்த ஆய்வு. ஆயினும் அதனைப் படிக்கும் தோட்டப் பிள்ளைக்கு ஒரு வினா எழாமல் இராது. அங்கே முதன்மையான அளவுகோலாக நின்றது எது? பறித்த கொழுந்தின் எடை. கங்காணியின் தராசே ஆய்வாளரின் தராசும் ஆயிற்று. அப்பெண் எத்தனை வயது வரை வாழ்ந்தாள் என்பது அத்தராசில் ஏறவில்லை. டல்லாஸ் நகரத்து அலுவலர்க்கு மூச்சாற்றல் ஆயுளின் அளவாயிற்று. நம் பாட்டிமார்க்கு அது கூலியின் அளவாயிற்று. இவ்வேறுபாட்டை எடுத்துரைக்கும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டு என்றே எண்ணுகிறேன். மருத்துவ ஏடுகள் அதனைச் சொல்லப் போவதில்லை.

இப்போது பரிமேலழகரின் அளவிற்குத் திரும்புவோம். வருந்துமுன் நிறுத்துக என்பது அவர் விதி. தோட்டத்துப் பாட்டிக்கு இது முற்றும் பொருந்தும். மிகுந்த தொழில் உழைப்பு உடைய ஆடவர், குறைந்த தொழில் உழைப்பு உடையாரைவிட முன்னதாக இறக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு மிகுதி என்று 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று கூறுகிறது. ஓய்வின்றி நாளெல்லாம் சுமப்பதும் குனிந்து நிற்பதும் மூச்சாற்றலை வளர்ப்பதில்லை. குருதியழுத்தத்தையும் களைப்பையுமே வளர்க்கின்றன என்று இதற்கு விளக்கம் தருகின்றனர். தோட்டத்து உழைப்பால் நம் முன்னோர் இரும்புடம்பு பெற்றிருந்தனர் என்று மேடையில் முழங்குவோர் இதனைக் கருத வேண்டும். சிலர் பெற்றிருந்தனர்; பலர் தேய்ந்தனர். செயல் மிகினும் நோய் என்பதற்கு அவர்களே உரை.

ஆனால் அப்பாட்டியின் பேரனுக்கு அவ்விதி போதாது. கேமரன் மலையில் 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்து நிலைமை இன்றில்லை. கொழுந்தை இன்று இருவர் இருபுறம் பிடித்துச் செல்லும் பொறி வெட்டுகிறது. பொறியைப் பிடிப்போரும் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். நம் பிள்ளைகள் வண்டியில் வந்து வண்டியில் திரும்புகின்றனர். ஓரளவு நடந்தாலும் மூச்சு வாங்கும்படி ஓடுவதில்லை. தமிழகத்திலும் நிலைமை வேறன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நான்கு பகுதிகளில் 14,227 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கணக்கில் பாதிக்கு மேற்பட்டோர் போதிய இயக்கம் இல்லாதவர். தமிழகத்தில் 93 விழுக்காட்டினர் பொழுதுபோக்காகக்கூட உடலை இயக்குவதில்லை. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நலவாய்வின்படி வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. இந்திய வழியினரிடம் அது ஏனைய பேரினத்தாரினும் மிகுதி. இவர்களிடம் சென்று 'வருந்துமுன் நிறுத்துக' என்றால், தொடங்குமுன்னே நிறுத்திவிடுவர்!

மூச்சாற்றல் வளர வேண்டுமாயின் மூச்சு சிறிது வாங்கியே ஆக வேண்டும். இதயம் தன் வழக்கமான அளவைக் கடந்து பலமுறை தள்ளிய பின்னரே ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைத் தள்ளப் பழகுகிறது. வருத்தம் சிறிதும் கூடாது எனின் வளர்ச்சியும் சிறிதும் இல்லை. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவரே, தெய்வத்தால் ஆகாது போயினும் உடல் வருந்திய அளவிற்குக் கூலி உண்டு என்று கூறுகிறார். அங்கு அவர் கருதியது பொருட் பயன். எனினும் உடல் வருத்தத்திற்கு உடலிலேயே கூலி உண்டு என்று இன்று நாம் விரித்துக் கொண்டால் அவர் வெறுக்கமாட்டார். ஓரிடத்தில் வருத்தத்தைப் போற்றிய நூலுக்கு மற்றோரிடத்தில் வருந்தற்க என்று உரை வகுத்தது முரணாகத் தோன்றலாம். உழைப்பு மிகுந்தவனை நோக்கியது ஒன்று, ஊக்கம் குறைந்தவனை நோக்கியது மற்றொன்று எனக் கொண்டால் முரண் நீங்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஓர் அளவு பழைய வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில் உள்ளது. ஒருவன் தன் வலிமையில் பாதியளவே உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றும், நெஞ்சகத்துக் காற்று வாய் வழியே வரத் தொடங்குவதே அப்பாதிக்கு அடையாளம் என்றும் அந்நூல் கூறுகிறது. வருந்துமுன் நிறுத்துக என்பதைவிட இது தெளிவானது. தொடங்கவும் செய்கிறது, நிறுத்தவும் செய்கிறது. பயிற்சியில்லாதவர்க்கு உச்ச எல்லையின் பாதியை அடுத்தே மூச்சு விரைந்து மிகத் தொடங்குகிறது என்று இற்றை உடலியலார் அளந்து கூறுவதோடு இஃது ஒத்திருப்பது வியப்பே. ஆயினும் 'எல்லாம் அன்றே சொல்லப்பட்டுவிட்டது' என்று மார்தட்டுதல் வேண்டா. சுசுருதர் தீங்கு நேராமைக்கு எல்லை வகுத்தார். எவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று எண்ணிப் பார்த்து அன்று.

இவ்விடத்தில் திருமந்திரத்தையும் இழுத்துக் கொணர்வோர் உண்டு. மூச்சை அளந்தால் ஆயுள் நீளும் என்று திருமூலர் பாடிவிட்டார், மேனாட்டார் இப்போதுதான் கண்டனர் என்பர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்தை விரித்துரைக்கிறது; அதன் பெருமையைக் குறைக்க யான் எழுதவில்லை. ஆனால் அங்குப் பேசப்படும் மூச்சு அமர்ந்து அடக்கும் மூச்சு. நோக்கம் மனத்தின் ஒடுக்கம். நடைப்பொறியில் அளக்கப்படுவது இயங்கும் உடல் இழுக்கும் மூச்சு. ஒன்று மூச்சைக் குறைத்துக் காட்டும் ஆற்றல், மற்றொன்று மூச்சைப் பெருக்கிக் காட்டும் ஆற்றல். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்பது கற்றறிந்தோர் செய்யும் வாதமன்று. காலையில் கால் மணி நேரம் மூக்கைப் பிடித்து அமர்ந்துவிட்டு அன்றைய உடற்கடன் தீர்ந்தது என்று எண்ணும் அன்பர்கட்கு இவ்வேறுபாட்டை மென்மையாகச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கு வருவோம். மூச்சாற்றலை நேரில் அளக்கும் கருவி நம் பள்ளிகளில் இல்லை. ஆனால் அதன் நிழலை அளக்கும் சோதனை உண்டு. 2008-இல் நடைமுறைக்கு வந்த 'செகாக்' என்னும் தேசிய உடற்றிறன் சோதனையில், நாலாம் ஆண்டு முதல் மாணவர் 30 செண்டிமீட்டர் உயரப் பலகையில், நிமிடத்திற்கு 96 தட்டு என்னும் தாளத்திற்கு மூன்று நிமிடம் ஏறி இறங்குவர். பின்னர் நாடித்துடிப்பு எண்ணப்படும். கையூன்றி எழுதல், மல்லாந்து அரைவாசி எழுதல், கால் நீட்டி எட்டித் தொடுதல் ஆகியன பிற சோதனைகள். உயரமும் எடையும் தனியே குறிக்கப்படும். பலகையேற்றத்தின் பின் துடிப்பு எவ்வளவு விரைவில் தணிகிறதோ அவ்வளவு இதயம் வலியது; மூச்சாற்றலை நோக்கிய ஒரே சாளரம் அப்பட்டியலில் அதுதான். பெற்றோர் வரும் நாளில் அவர்களிடம் எடுத்துச் சொல்லப்படுவதோ உயரம் எடை வரிசை. பருத்த பிள்ளையின் தாய் தலைகுனிகிறாள். மெலிந்த பிள்ளையின் தாய் நிமிர்ந்து செல்கிறாள். துடிப்பு வரிசையை இருவரும் கேட்பதில்லை. அங்கே சில வேளை நிலைமை தலைகீழாக இருக்கும்.

அத்துடிப்பு எண்ணையும் ஆய்ந்தே கொள்ள வேண்டும். பலகையின் உயரம் ஒன்றே. குள்ளமான பிள்ளைக்கு அது பெரிய படி. காய்ச்சலும் அச்சமும் துடிப்பை மிகுவிக்கும். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. இம்மலைகளில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 85 விழுக்காடே. சமவெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைக்கு முதற் சில வாரங்களில் துடிப்பு மிகுந்து காணும். ஆகவே ஈப்போவிலோ கிள்ளானிலோ உள்ள பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிடுதல் முறையன்று; சென்ற தவணையில் இருந்த அவனையே இத்தவணை அவனோடு ஒப்பிட வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் அவர்கள் திடலிலிருந்து மெல்ல விலகிக் கொள்கின்றனர்; நாமும் 'பெரிய பிள்ளை ஆகிவிட்டாள்' என்று விட்டுவிடுகிறோம். துடிப்பு மிகுந்து காணும் பெண் பிள்ளையிடம் ஓட்டக் குறைவும் இருக்கலாம், குருதிக் குறைவும் இருக்கலாம். இலங்கைப் பெண்களின் சோதனை நினைவில் இருக்கும் ஆசிரியர், 'இன்னும் ஓடு' என்று சொல்வதற்கு முன், தானா ராத்தாவிலுள்ள மருத்துவமனைக்கோ அடுத்த நலநிலையத்திற்கோ அனுப்பிக் குருதியைச் சோதிக்கச் செய்வார். உணவா, செயலா, எது குறைந்தது என்று நாடிப் பார்த்தல் அது. அதிகாரத்தின் எட்டாம் குறள் மருத்துவனுக்குச் சொன்ன முறையும் அதுவே.

மருந்து அதிகாரம் நடத்தும் வாரத்தையும் பலகையேறும் வாரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பாடத்திட்டத்தில் தடையேதும் இல்லை. முதற்குறளின் பொருளைக் கரும்பலகையில் எழுதுங்கால் மு. வ. உரையோடு பரிமேலழகரின் 'உணவும் செயலும்' என்னும் விளக்கத்தையும் எழுதலாம். அன்றே ஒவ்வொரு மாணவனும் தன் நாடித்துடிப்பை எண்ணி அக்குறளின் கீழ் நாளிட்டுக் குறித்துக்கொள்ளலாம். அடுத்த தவணையில் அதே பக்கத்தைத் திறந்து இரண்டாம் எண்ணை எழுதச் சொன்னால் போதும். இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள திங்களில் தான் என்ன உண்டான், எவ்வளவு ஓடினான் என்று கேட்டால் விடை சொல்ல அவனுக்கு உரைநூல் வேண்டியிராது.